காதோடு காதாக ஒரு விளம்பரம்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே என் காதைத் தவிர எல்லாம் சௌக்கியம். அங்கே உங்கள் இருவர் காதையும் சேர்த்து எல்லாம் சௌக்கியமாக இருக்கட்டும்.

ஆபீஸ் முகவரிக்குக் கடிதம் வந்திருக்கிறதே, அத்தைக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. போனில் நீ பேசினால் எனக்கு ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரிதான் இருக்கிறது. மெயிலில் எழுதலாம் என்றால், அதைத் திறந்து கொடுத்ததே உன் வீட்டுக்காரன். கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வக்கீலிடம் கேட்பதை வக்கீலிடம் மட்டும்தானே கேட்க வேண்டும்?

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தை மறுபடி வேலைக்குப் போகிறாள், வீட்டுப் படி இறங்காமலே.

ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் நின்று நின்றே காதைத் தொலைத்தவள் நான். என்னைப் போன்றவர்கள் கூடிப் பேசும் ‘காதோடு காதாக’ என்ற இணையப் பக்கம்தான் இப்போது எனக்கு ஊர், உறவு எல்லாம். அங்கே என் பெயர் ‘நூல்கண்டு’. புதிதாக வருபவர்கள், “எந்த மெஷின் வாங்கலாம் அக்கா?” என்று என்னைத்தான் தேடி வந்து கேட்பார்கள்.

உன் வீட்டுக்காரனின் விளம்பரக் கம்பெனியைத் தேடி ஒரு காது மெஷின் கம்பெனி வந்திருக்கிறதாம். போன தடவை இங்கே வந்தபோது சொன்னான்: “அம்மா, நீங்க எப்பவும் எழுதுறதையே எழுதுங்க. அந்த மெஷினைப் பத்தி ரெண்டு வார்த்தை சேர்த்துக்கங்க. மெஷின் இலவசம். எழுதுற ஒவ்வொண்ணுக்கும் காசும் தருவாங்க.” மெஷின் வந்தது, போட்டுப் பார்த்தேன். நல்ல மெஷின்தான். பக்கத்து வீட்டில் கதவு சாத்துவதுகூடக் கேட்கிறது. எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் நஷ்டஈடு தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. எல்லா ஒப்பந்தத்திலும் இப்படி வருவது வழக்கமா? ஒரு வரி எழுது, போதும்.

ஒரு சின்னக் குறை. போன தடவை நீ வந்தபோது முழு நேரமும் செல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாய். உதட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு புரியும். எனக்குத் தெரிந்ததோ உன் வகிடு மட்டும். கோபமில்லை, சொல்லி வைத்தேன்.

அன்புடன்,
அத்தை

*

மார்ச் 9

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை யாரோ கட்சிக்காரர் அனுப்பியது என்று என் சீனியர் கோப்பில் கோக்கப் பார்த்தார். பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

முதலில் மன்னித்துவிடுங்கள். செல்லைப் பார்த்துப் பேசியது திமிர் இல்லை அத்தை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் ஏதோ ஆசையாகச் சொல்ல வந்தேன். நீங்கள் “சரி சரி” என்று தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். என்னைப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. உங்களுக்குக் கேட்டிருக்காது என்று வக்கீலுக்குப் படித்தவளுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஒப்பந்த விஷயம். நீங்கள் ஒரு வரி கேட்டீர்கள், கொஞ்சம் நீளும். இங்குள்ள சட்டப்படி, காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பாராட்டுபவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் பாராட்ட வேண்டும். மறைத்தால் அது ஏமாற்று விளம்பரம். பொருள் நிஜமாகவே நன்றாக இருந்தாலும் அப்படித்தான். முதலில் பிடிபடுவது மெஷின் கம்பெனியும் விளம்பரக் கம்பெனியும். எழுதியவரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றால், செய்வது என்ன என்று அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த நிபந்தனை எந்தக் கோர்ட்டிலும் நிற்காது, அதற்குப் பயப்படாதீர்கள்.

இனி எழுதும்போது ‘இந்த மெஷின் எனக்கு இலவசமாக வந்தது, எழுதுவதற்குக் காசும் தருகிறார்கள்’ என்று முதல் வரியில் போட்டுவிடுங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டுங்கள்.

இவரிடம் நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவர் ஆபீஸ் விஷயத்தில் நான் மூக்கை நுழைக்கக் கூடாது, என் வழக்கில் அவர் நுழைக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

உங்கள்
மருமகள்

*

மார்ச் 14

வக்கீல் மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் பதிலே போடக் கூடாது என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

நான் என்ன பொய் சொன்னேன்? மெஷின் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். டிவியில் வரும் நடிகை அந்த சோப்பைப் போட்டா குளிக்கிறாள்? அவளை விட்டுவிட்டு, ஆலையில் காது போன ஒரு பொம்பளையைப் பிடித்துக்கொண்டீர்களே, நீயும் உன் சட்டமும்.

அப்படியும் உன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து, இலவசம் என்று போடட்டுமா என்று உன் வீட்டுக்காரனிடம் கேட்டேன். “அப்படிப் போட்டா யாரும்மா நம்புவாங்க?” என்று பதில் வந்தது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

என் மேல் நம்பிக்கை வைத்து இப்போது இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். நூல்கண்டு மட்டும் எழுதினால் போதாதாம். ‘நெடுஞ்சாலை’ என்று இன்னொரு பெயர் தந்திருக்கிறார்கள். அவர் லாரி ஓட்டுபவர். வரிகள் ஆபீஸிலிருந்து வந்துவிடும், நான் எடுத்து ஒட்டினால் சரி. ‘முன்னால் போகிற வண்டியின் ஹாரன் என் காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருக்கு தம்பி’ என்றெல்லாம் நேற்று எழுதினேன். ஆம்பளைக் குரலில் பேசுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூட நாடகத்திலும் எனக்கு ராஜா வேஷம்தான் கொடுப்பார்கள்.

உன் மாமா போன பிறகு இந்த வீட்டில் என்னோடு யார் பேசுகிறார்கள், சொல். ‘நன்றி அக்கா’ என்று நாலு பேர் எழுதுகிற நாளில்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. அதைப் போய் ஏமாற்று என்கிறாய்.

இப்படிக்கு,
அத்தை

*

மார்ச் 20

அன்பு அத்தைக்கு,

கோபமாகவாவது எழுதினீர்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

நடிகை சோப்போடு வந்தால் அது விளம்பரம் என்று நமக்குத் தெரியும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறோம். நீங்கள் எழுதினால் யாரும் எழுந்து போவதில்லை. அதற்குத்தானே அத்தை உங்களுக்குக் காசு?

“அப்படிப் போட்டா யாரும்மா நம்புவாங்க” என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றால், தெரியாததால்தான் நம்புகிறார்கள் என்று அர்த்தம். இதற்கு மேல் சட்டப் புத்தகம் எதற்கு?

நெடுஞ்சாலையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூல்கண்டுக்கு மெஷின் இருக்கிறது, காது இருக்கிறது. அந்த லாரிக்காரர் உலகத்திலேயே இல்லை. இல்லாத காதுக்கு எப்படி ஹாரன் கேட்கும்? தயவுசெய்து அதை மட்டுமாவது உடனே நிறுத்துங்கள்.

எங்களுக்குள் இருந்த பேச்சை மீறி இவரிடம் கேட்டுவிட்டேன். “எல்லாக் கம்பெனியும் பண்றதுதான். நாங்க பண்ணலேன்னா அடுத்தவன் பண்ணுவான்” என்றார். “அடுத்தவன் அவன் அம்மாவை வெச்சா பண்றான்?” என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இப்போது எங்கள் வீட்டில் ‘சாவி எங்கே’, ‘பால் வாங்கியாச்சா’ என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

இதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள்
மருமகள்

*

ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் இணையப் பக்கத்தில் ‘பழைய ஹாரன்’ என்று ஒருவர் உண்டு. டவுன் பஸ் ஓட்டுபவர். அதிகம் எழுத மாட்டார்; எழுதினால் பக்கமே சிரிக்கும். உரிமத்தைப் புதுப்பிக்க அவருக்குக் காது பரிசோதனை இருந்தது. அதற்காகக் கையிலிருந்ததை எல்லாம் போட்டு இந்த மெஷினை வாங்கியிருக்கிறார். பரிசோதனையில் தேறவில்லை. டிப்போவில் வண்டியிலிருந்து இறக்கி, டிக்கெட் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

அவர் நெடுஞ்சாலைக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன். ‘அண்ணே, நீங்களும் வண்டி ஓட்டுறவர்ங்கிறதாலதான் நம்பி வாங்கினேன். எனக்கு இதுல இன்ஜின் சத்தம்தான் பெருசாக் கேக்குது. ஹாரன் அதுக்குள்ள அமுங்கிப் போகுது. நீங்க எந்த அளவுல வெச்சிருக்கீங்க? கொஞ்சம் சொன்னீங்கன்னா இன்னொரு தடவை முயற்சி பண்ணுவேன்.’

எந்த அளவில் வைத்திருக்கிறேன் என்று நான் எதைச் சொல்வேன்? எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

என் காது பாதி போன காது. அவருக்கு ஒரு பக்கம் முழுக்கவே போய்விட்டதாம். எனக்குச் சரியாக இருப்பது அவருக்கு எப்படிச் சரியாக இருக்கும்? இது எனக்கு நன்றாகத் தெரியும். நூல்கண்டாக இருந்தபோது எத்தனையோ பேருக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன். நெடுஞ்சாலை சொல்லவில்லை. நீ எழுதிய அன்றே நிறுத்தியிருந்தாலும் அவர் வாங்கியது வாங்கியதுதான். ஆனால் நான் நிறுத்தவும் இல்லை. கோபத்தில் அதற்குப் பிறகும் ஒட்டினேன்.

நீ ஒரு காரியம் செய். கம்பெனிக்கு ஒரு வக்கீல் கடிதம் போட்டு, அவருக்குப் பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய். சத்தமில்லாமல் முடித்துவிடலாம். இணையப் பக்கத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம். உன் வீட்டுக்காரன் பெயர் வெளியே வரவே வேண்டாம். அவன் வேலைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

அத்தை

*

ஏப்ரல் 7

அன்பு அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை. கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. அவருக்காக நான் வழக்கு எடுக்கவே கூடாது. எதிர்ப்பக்கத்தில் நிற்பது என் குடும்பம். எனக்குத் தெரிந்த வேறு வக்கீல் ஒருவர் இருக்கிறார், கெட்டிக்காரர். அவரிடம் அனுப்பலாம். பணம் திரும்பி வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நடந்தது முழுவதும் பழைய ஹாரனுக்குத் தெரிய வேண்டும். யார் சொல்லை நம்பி வாங்கினார் என்பதே தெரியாமல் அவர் எப்படி நியாயம் கேட்பார்?

அந்த இணையப் பக்கத்தில் இன்னும் யார் யார் வாங்கியிருக்கிறார்கள், யார் யார் வாங்கப் போகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

சொல்லுங்கள் என்று நான் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன் அத்தை. ‘அவன் வேலைக்கு ஒன்று ஆகிவிட்டால்’ என்று எழுதினீர்கள். அவர் எனக்கும் வீட்டுக்காரர். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வாடகை, கடன் எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பயம், அவர் என்னை விரோதியாகப் பார்த்துவிடுவாரோ என்பது. இத்தனை நாள் நான் அதிகம் பேசாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அதனால் உங்களைவிட நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். இதை வக்கீலாகச் சொல்லவில்லை.

உங்கள்
மருமகள்

*

ஏப்ரல் 15

என் கண்ணு,

எழுதிவிட்டேன்.

யாரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும்தான். கேட்டால் மனசு மாறிவிடும். காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ‘காதோடு காதாக’ பக்கத்தில் இப்படிப் போட்டேன்:

‘நூல்கண்டு எழுதுகிறேன். நெடுஞ்சாலை என்ற பெயரில் எழுதியதும் நான்தான். நான் லாரி ஓட்டுபவர் இல்லை. அப்படி ஒருவரே கிடையாது. நான் பாராட்டிய மெஷின் எனக்கு இலவசமாக வந்தது. எழுதியதற்குக் காசும் வாங்கினேன். அதை மறைத்தேன். என் காதுக்கு அது ஒத்துவந்தது உண்மை. வேறு காதுக்கு ஒத்துவராது என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டதும் உண்மை. பழைய ஹாரன் தம்பி, நீங்கள் நம்பி மோசம் போனது என்னால். ஒரு வக்கீலின் முகவரியைத் தனியாக அனுப்புகிறேன், அவரைப் போய்ப் பாருங்கள். என்னை இந்தப் பக்கத்திலிருந்து நீக்கினாலும் சரிதான்.’

பிறகு அடி விழுந்தது பார், அப்படி ஒரு அடி. ‘உங்களை அக்கான்னு கூப்பிட்டேனே’ என்று ஒருத்தி. ‘காது கேட்காதவங்களைக் காது கேட்காதவங்களே ஏமாத்தினா எங்கே போறது’ என்று இன்னொருவர். ஒரு பெண் ஒன்றுமே எழுதாமல் பக்கத்தை விட்டே போய்விட்டாள். எல்லாமே வாஸ்தவம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். இவ்வளவையும் யாரும் என் காதில் கத்த முடியாது என்பது ஒன்றுதான் சௌகரியம்.

உன் வீட்டுக்காரன் பெயரை நான் சொல்லவில்லை, கம்பெனி பெயரையும் சொல்லவில்லை. ‘யார் எழுதச் சொன்னது, அதைச் சொல்லுங்க’ என்று விடாமல் கேட்டார்கள். வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் மறுபடி திறந்தால் கடைசியில் ஒரு பதிவு. அவன் சொந்தப் பெயரில், வேலை பார்க்கும் இடத்தையும் போட்டு:

‘நூல்கண்டு என் அம்மா. அவரை எழுதச் சொன்னது நான். நெடுஞ்சாலையின் வரிகள் ஒவ்வொன்றையும் எழுதியதும் நான்தான். அம்மா எடுத்து ஒட்டியதோடு சரி. அவருக்குக் காது கேட்காது, எனக்கு நன்றாகவே கேட்கும். திட்டுவதை என்னைத் திட்டுங்கள்.’

ஆபீஸிலிருந்து வந்த அந்த வரிகள் அவன் எழுதியவை என்றே எனக்குத் தெரியாது.

நீயா அவனை எழுதச் சொன்னாய்? உடனே பதில் போடு. அவன் இன்னும் எனக்கு ஒரு செய்தியும் அனுப்பவில்லை.

அத்தை

*

ஏப்ரல் 22

அன்பு அத்தைக்கு,

நான் எழுதச் சொல்லவில்லை. எழுதாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சட்டையைக்கூட மாற்றாமல் அடுக்களை வாசலில் செல்லோடு நின்றார்.

“அம்மா எழுதியிருக்காங்க. பாத்தியா?”

“இல்ல.”

“எல்லாரும் அவங்க மேல பாயுறாங்க. என் பேரைச் சொல்லியிருந்தா அவங்க தப்பிச்சிருப்பாங்க. சொல்லவே இல்ல.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றேன்.

“நீ வக்கீல்தானே? சொல்லு. நானும் எழுதினா என்ன ஆகும்?”

“வேலை போகலாம். வழக்கு வந்தா நீங்க எழுதினதே சாட்சி.”

“எழுதலேன்னா?”

“ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது.”

“அம்மாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தானே அந்த வரியெல்லாம் எழுதினேன்” என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து தட்டினார். அத்தை, அனுப்பிவிட்டு அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். வேலை போயிற்று என்றே நினைத்தோம். போகவில்லை. அவர்களுடைய வக்கீலே, இதைக் கோர்ட்டுக்கு விட்டால் கம்பெனிக்குத்தான் நஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். உங்கள் மகனைக் காது மெஷின் வேலையிலிருந்து தூக்கி, பெயின்ட் கம்பெனி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வு இந்த வருஷம் கிடையாது. இனி ஒவ்வொரு பதிவின் மேலும் ‘விளம்பரம்’ என்று போட்டாக வேண்டும் என்று உத்தரவு. “இப்ப யாருமே படிக்க மாட்டேங்கிறாங்க” என்று நேற்று அலுத்துக்கொண்டார். “இன்னும் நல்லா எழுதுங்க” என்றேன். முறைத்தார். பிறகு சிரித்தார். எங்கள் வீட்டில் பேச்சு திரும்பிவிட்டது.

பழைய ஹாரன் நான் சொன்ன வக்கீலைப் பார்த்துவிட்டார். நோட்டீஸ் போன வேகத்தில் மெஷின் கம்பெனி பணத்தைத் திருப்பிவிட்டது. உங்கள் பக்கத்தில் வாங்கிய மற்றவர்களும் மெஷினைத் திருப்பித் தந்து பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு இப்போது காதை முறையாகப் பரிசோதித்து வேறு மெஷின் பொருத்தியிருக்கிறார்கள். மறுபரிசோதனைக்குத் தேதி கேட்டிருக்கிறார்.

இவர் ஏன் உங்களுக்குச் செய்தி அனுப்பவில்லை என்றால், நேரில் வரத் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவசரப்படுத்தாதீர்கள்.

உங்கள்
மருமகள்

*

ஜூன் 5

என் கண்ணான மருமகளுக்கு,

பதில் தாமதம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் பழைய ஹாரன். தேறிவிட்டார்! ‘நாளையிலேர்ந்து வண்டி. குறுக்கே வர்றவங்க பாத்து வாங்க’ என்று எழுதினார். பக்கமே ஆடித் தீர்த்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நேற்று, இன்ஜின் சத்தத்தைக் குறைக்கிற விசை எது என்று யாரோ கேட்டதற்கு, ‘நூல்கண்டு அக்காவைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்’ என்று எழுதியிருக்கிறார்.

என்னை நீக்கவில்லை. பக்கத்தை நடத்துபவர், காசு வாங்கி எழுதுபவர்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று என்னிடமே யோசனை கேட்கிறார். திருடியைப் பிடித்துக் காவலுக்கு வைக்கிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. நான் ஒத்துக்கொண்டுவிட்டேன், ஒரே மாதிரி புகழ்கிற நாலு பேரை இதற்குள் பிடித்தும் கொடுத்தேன். இலவச மெஷினைத் திருப்பி அனுப்பியாயிற்று. பழைய மெஷினைத் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். அது கரகரவென்றுதான் இருக்கிறது. இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன் சனிக்கிழமை வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றவே அவ்வளவு நேரம். உள்ளே வந்து, நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தான். “தப்புப் பண்ணிட்டேம்மா” என்றான்.

“என்னப்பா?” என்றேன்.

“தப்புப் பண்ணிட்டேம்மா” என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

“சரியாக் கேக்கலியே.”

எழுந்து என் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, சின்ன வயசில் பாடம் ஒப்பிப்பானே, அப்படிச் சொன்னான். பிறகு மடியில் தலையை வைத்துக்கொண்டான். தலையில் நாலு நரை வந்துவிட்டது அவனுக்கு. நீ பார்த்தாயா?

முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டுவிட்டது. அவனிடம் சொல்லிவிடாதே.

அத்தை